ஒரு துளையா, இரண்டு துளையா? – வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பொழுதுபோக்கு

என் கைபேசியில் இரண்டு படங்கள் ரொம்ப நாளாகக் கிடக்கின்றன. இரண்டுமே சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள். வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே எடுத்த படம். முதல் கூட்டின் அடியில், சரியாக நடுவில், ஒரே ஒரு துளை. இரண்டாவதில் நடுவில் ஒரு குட்டி மேடு, அதற்கு இரண்டு பக்கமும் ஊசி முனை மாதிரி இரண்டு துளைகள்.

யாரிடம் காட்டினாலும் "இதுல என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அமெரிக்காவில் ஏராளமானவர்கள் தங்கள் வீட்டு கராஜில் உட்கார்ந்து தோட்டா நிரப்புவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருப்பதற்கு, அந்த ஒற்றைத் துளை ஒரு முக்கியமான காரணம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எனக்கு இது தெரிய வந்தது தற்செயலாக. சில வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாக அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு மூத்த நண்பர், ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். கராஜில் ஒரு மேஜை, அதில் திருகி மாட்டிய கைப்பிடி வைத்த இரும்பு இயந்திரம் ஒன்று, ஒரு தராசு, டப்பா டப்பாவாகப் பித்தளைக் கூடுகள். தச்சு வேலை மேஜை மாதிரி இருந்தது. "வார இறுதியில் சுடுவேன், வார நாட்களில் ராத்திரி நிரப்புவேன்" என்றார். துப்பாக்கி என்றால் சினிமாவிலும் போலீஸ்காரர் தோளிலும் மட்டும் பார்த்த எனக்கு, தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பார்கள் என்பதே புதுச் செய்தி.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

முதலில் அடிப்படை. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். முனையில் இருந்து பறந்து போவது குண்டு. அதைத் தள்ளுவது உள்ளே இருக்கும் வெடிமருந்து. மருந்தைப் பற்ற வைப்பது அடியில் இருக்கும் பிரைமர். தீபாவளித் துப்பாக்கியில் நாம் போட்ட பொட்டுக் கேப் மாதிரி, அடித்தால் பொறி வரும் ஒரு குட்டிக் கிண்ணம். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது பித்தளைக் கூடு.

சுட்டதும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் செத்துவிடுகிறது. மிஞ்சுவது கூடு மட்டும்தான். நான்கில் விலை அதிகமான பாகம் பெரும்பாலும் அதுதான். சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த நல்ல பித்தளை. ஒரு தடவை சுட்டுத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போடத் தயங்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஆக, மறுபடி நிரப்புவது என்றால் என்ன? கூட்டைச் சுத்தம் செய்வது. செத்த பிரைமரைத் தள்ளி எடுப்பது. சுடும்போது வீங்கிய கூட்டை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. நீண்டிருந்தால் வாயை வெட்டி அளவாக்குவது. புது பிரைமர், அளந்த மருந்து, கடைசியில் குண்டு. அவ்வளவுதான் வரிசை.

இதில் "செத்த பிரைமரைத் தள்ளி எடுப்பது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன் இல்லையா? அங்கேதான் நம் துளைக்கதை வருகிறது.

1866: இரண்டு கர்னல்கள்

உலோகத் தோட்டா வருவதற்கு முன்னால் எல்லோருமே கையால் நிரப்பியவர்கள்தான். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இடிப்பார்கள். மருந்தையும் குண்டையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டியதுதான் அந்தக் காலத் தோட்டா. அந்தப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். 1857-இல் என்ஃபீல்ட் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா வட இந்தியாவில் என்ன செய்தது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம்.

அதே என்ஃபீல்டைப் பின்பக்கம் திறந்து நிரப்பும்படி பிரிட்டிஷார் பிற்பாடு மாற்றினார்கள். அதுதான் ஸ்னைடர்-என்ஃபீல்ட். அதற்கு உலோகத் தோட்டா வடிவமைத்தவர் எட்வர்ட் மௌனியர் பாக்ஸர், வூல்விச் ஆயுதச் சாலையைச் சேர்ந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1866-இல் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் அமெரிக்காவில் ஹைரம் பெர்டான் இன்னொரு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடும் படைப்பிரிவு ஒன்றை நடத்திய கர்னல்.

இருவருக்கும் பிரச்சினை ஒன்றேதான். பிரைமரில் இருக்கும் ரசாயனம் பொறி விட வேண்டுமென்றால், அது இரண்டு உலோகங்களுக்கு நடுவில் நசுங்க வேண்டும். மேலே துப்பாக்கியின் ஊசி அடிக்கும். கீழே தாங்க ஏதாவது வேண்டும், கொல்லன் பட்டறையில் இருக்கும் அடைகல் மாதிரி. அந்த அடைகல்லை எங்கே வைப்பது?

பெர்டான் அதைக் கூட்டின் அடியிலேயே ஒரு மேடாக வைத்தார். நடுவில் மேடு இருப்பதால் பொறி உள்ளே போக இரண்டு பக்கமும் சின்னத் துளைகள். பிரைமர் வெறும் கிண்ணம்தான். செய்வது எளிது, செலவும் குறைவு.

பாக்ஸர் அடைகல்லைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். பிரைமர் செய்வது கொஞ்சம் சிக்கல். ஆனால் கூட்டின் அடியில் தடை எதுவும் இல்லை, நடுவில் ஒரே துளை போதும்.

இப்போது செத்த பிரைமரை எடுக்கப் பாருங்கள். பாக்ஸர் கூட்டில் வாய் வழியாக ஒரு நேரான கம்பியை விட்டால், அது நடுத்துளையில் நுழைந்து பிரைமரைத் தள்ளிவிடும். ஒரு விநாடி வேலை. பெர்டான் கூட்டில் கம்பி மேட்டில் போய் முட்டும். வெளியில் இருந்து கொக்கி போட்டு நெம்ப வேண்டும், இல்லை உள்ளே தண்ணீர் ஊற்றி, கம்பியைச் செருகி அடித்து, நீரழுத்தத்தால் தள்ள வேண்டும். பத்து கூட்டுக்குள் ஆசை விட்டுப் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் பாக்ஸரின் வடிவம் அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் பெர்டானின் வடிவம் ஐரோப்பிய, ரஷ்ய ராணுவங்களுக்குப் போனது. ராணுவம் கூட்டைத் திரும்ப எடுத்து நிரப்பப் போவதில்லை. மலிவாக, லட்சக்கணக்கில் வந்தால் போதும். ஆனால் 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவன் நிலைமை வேறு. பக்கத்துக் கடை பல நாள் பயண தூரத்தில். ஈயக் கட்டியும் மருந்தும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ராத்திரி நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பகலில் பொறுக்கிய கூடுகளை நிரப்பினான். அமெரிக்க ராணுவமே அந்தக் காலத்தில் பயிற்சிக்காகக் கூடுகளை மறுபடி நிரப்பியது. அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றைத் துளைதான் வாழ முடியும்.

மென்பொருள்காரனாக எனக்கு இதில் ஒரு சொந்த ஆர்வம் உண்டு. அடைகல்லை எந்தப் பாகத்தில் வைப்பது என்பது அன்றைக்கு ஒரு சாதாரண வடிவமைப்பு முடிவு. 'பயனர் இதைத் திறந்து பழுது பார்ப்பாரா, மாட்டாரா' என்ற கேள்விக்கு அது பல தலைமுறைக்குப் பதில் சொல்லிவிட்டது.

குப்பையில் இருந்து வந்த கம்பெனிகள்

1884-இல் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற கம்பெனி தொடங்கினார். பாக்குவெட்டி மாதிரிக் கையில் பிடிக்கும் ஒரே கருவியில் தோட்டா நிரப்பும் வேலைகளைச் செய்யலாம். 1925-இல் அது லைமன் கம்பெனியிடம் போனது. அந்தப் பெயர் இன்றும் கடைகளில் உண்டு.

ஆனால் இது பெரிய அளவில் பொழுதுபோக்காக மாறியது இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பிறகும்தான். போர்க்காலத்தில் வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. செம்பு முழுக்க ராணுவத்துக்குப் போனது. குண்டின் ஈயத்துக்கு மேல் போர்த்தும் உலோக உறைக்கு என்ன செய்வது? அப்போதுதான் சிலர் கண் '22 ரிம்ஃபயர்' என்ற சின்னத் தோட்டாவின் காலிக் கூட்டின் மேல் விழுந்தது. அந்தத் தோட்டாவில் பிரைமர் தனியாக இல்லை. ரசாயனம் அடி விளிம்பின் மடிப்புக்குள் இருக்கும். ஒரு தடவை அடித்து நசுங்கினால் அதோடு சரி. மறுபடி நிரப்ப முடியாத, உண்மையான குப்பை.

அந்தக் குப்பைக் கூட்டின் விளிம்பை நீவி, உள்ளே ஈயம் வைத்து அச்சில் அழுத்தினால், அதுவே ஒரு குண்டு! கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943-இல் இதற்கான அச்சுகளைத் தன் அப்பாவின் சலவைக் கடைக்குப் பின்னால் செய்யத் தொடங்கினார். அதுதான் ஆர்சிபிஎஸ். ஐடஹோவில் வெர்னான் ஸ்பியர் அதே முறையில் குண்டு செய்து விற்றார். அவரோடு வேலை செய்த ஜாய்ஸ் ஹார்னடி 1949-இல் நெப்ராஸ்காவில் தனியாகக் கம்பெனி வைத்தார். இன்று இந்தத் துறையில் பெரிய பெயர்கள் இந்த மூன்றும். மூன்றுக்கும் மூலதனம் பொறுக்கியெடுத்த காலிக் கூடு.

மருந்தும் அப்படியே. போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மருந்து மலையாக மிஞ்சியது. கான்சாஸில் ப்ரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி அதில் ஒரு பங்கை வாங்கினார். வைக்க இடம் இல்லாமல் ஒரு பழைய ரயில் பெட்டியைக் கொண்டு வந்து வயலில் போட்டு அதில் அடைத்தார். விளம்பரம் கொடுத்துத் தபாலில் விற்றார். போரில் இருந்து திரும்பிய லட்சக்கணக்கான பேருக்குத் துப்பாக்கி தெரியும், வேட்டை பிடிக்கும், கையில் காசு கம்மி. பொழுதுபோக்கு வேர் பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தக் கராஜ்காரர்கள் நிரப்புவதோடு நிற்கவில்லை. கூட்டின் கழுத்தை இறுக்கிச் சின்னக் குண்டைப் பொருத்திப் புதுப்புதுத் தோட்டாக்களை உருவாக்கினார்கள். அதற்கு 'வைல்ட்கேட்' என்று பெயர். '22-250' என்ற தோட்டா பல வருடம் இப்படி வீட்டுத் தயாரிப்பாகவே உலவியது. 1965-இல்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக விற்கத் தொடங்கியது. '25-06' என்பதும் இதே பாதையில் 1969-இல் வந்தது. பயனர் எழுதிய திருத்தத்தைக் கம்பெனி தன் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வது நம் துறையில் மட்டும் நடப்பதில்லை.

என் ஒரு கேள்வியின் விலை

இதுவரை படித்தால் ஏதோ கைத்தொழில் மாதிரி இருக்கும். இனி இன்னொரு பக்கம்.

மருந்தை அளப்பது 'கிரெயின்' என்ற எடையில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்தான். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து நிறுத்தார்களே, ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். தராசு இதிலும் பத்தில் ஒரு பங்கு வரை காட்ட வேண்டும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? பழைய கரிமருந்துக்கு இது தேவையில்லை. கூடு நிறையக் கொட்டலாம், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். 1884-இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதே எடைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வலு. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. சுற்றி அழுத்தம் கூடக் கூட அது வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் கூடும். கூடினால் இன்னும் வேகம். அதனால் மருந்தைப் பத்து சதவீதம் கூட்டினால் அழுத்தமும் அதே பத்து சதவீதம்தான் ஏறும் என்று நினைக்கக்கூடாது, அதற்கு மேலேயே ஏறும். '30-06' என்ற பிரபலமான வேட்டைத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம் கார் டயரில் 30 சொச்சம். சுடுபவரின் கன்னம் அந்த 60,000-க்குச் சில அங்குல தூரத்தில்தான் இருக்கும்.

ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் 'நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்' என்பதற்கு இடமில்லை. மருந்துக் கம்பெனிகள் சோதனைச் சாலையில் அளந்து வெளியிடும் கையேடுதான் வேதம். அதிலும் கீழ் அளவில் தொடங்க வேண்டும். குண்டு மாறினால், மருந்து மாறினால், பிரைமர் மாறினால் மறுபடி கீழே இருந்து.

அன்று நண்பர் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். 50 குழி வைத்த ஒரு பலகை, 50 கூடுகள். ஒவ்வொன்றாக மருந்து போட்டுக்கொண்டு போனார். நான் பாதியில் ஏதோ ஒரு கேள்வி கேட்டேன். என்ன கேட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை. அவர் பதில் சொன்னார், திரும்பினார், நின்றுவிட்டார். எந்தக் கூடு வரை வந்தோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

டார்ச் எடுத்து வரிசையாகப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருப்பது போல எனக்குத் தெரிந்தது. "சரியாத்தானே இருக்கு?" என்றேன். "இருக்கலாம்" என்றார். அப்புறம் அத்தனை கூட்டையும் கவிழ்த்து மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு, முதல் கூட்டில் இருந்து மறுபடி தொடங்கினார். நான் சங்கடத்தில் நெளிந்தேன். அவர் கோபப்படவில்லை. "தப்பு உன்னுடையது இல்லை, மருந்து போடும்போது பேசினேனே, அது என் தப்பு" என்றார்.

பிறகு காரணம் சொன்னார். கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும் வகை, கொஞ்சமே போதும், கூட்டில் பாதிகூட நிறையாது. தெரியாமல் ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டுவிட்டால் அதுவும் உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால் வெளியில் இருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. சுட்டால் துப்பாக்கி கையிலேயே சிதறலாம். மருந்தே போடாமல் விட்டால் வேறு வகை ஆபத்து. பிரைமரின் பொறி மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி, பாதி வழியில் சிக்க வைத்துவிடும். சத்தம் சரியில்லையே என்று கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், அது போய் இதில் மோதும்.

அதனால் அனுபவசாலிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கையேட்டில் ஒரே தோட்டாவுக்குப் பல மருந்துகள் இருக்கும். அதில் இடத்தை அதிகம் அடைக்கும், பொதபொதவென்ற மருந்தாகப் பார்த்து எடுப்பார்கள். இரண்டு தடவை போட்டால் கூடு வழிந்து மேஜையில் கொட்டும். தப்பு செய்யாமல் இருப்பது மனுஷனால் முடியாது. தப்பு நடந்தால் உடனே கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள முடியும். இருபது வருடமாக நிரல் எழுதும் எனக்கு, இந்த ஒரு பாடத்துக்காகவே அந்தச் சனிக்கிழமை போதும்.

இந்த வட்டாரத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு. அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே. எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி. நண்பர் தன் சொந்தத் தம்பிக்கே கொடுப்பதில்லையாம். நம்பிக்கை இல்லாமல் அல்ல. அந்த 50 குழிப் பலகைக்கு முன்னால் அன்று யார் என்ன கேள்வி கேட்டார் என்பது நிரப்பியவருக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் செய்ய முடியாதது

"இதில் காசு மிச்சமாகுமா?" என்று கேட்டேன். சிரித்தார். ஒரு தோட்டாவுக்குக் கணக்குப் பார்த்தால் மிச்சம்தான், ஆனால் மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவோம், மாதக் கடைசியில் செலவு அதேதான் என்றார். அந்த வட்டாரத்தில் பழைய நகைச்சுவை இது. உண்மையான ஆதாயம் துல்லியம். தன் ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும்படி ஒரே மாதிரி நிரப்பினால், தூரத்து இலக்கில் ஓட்டைகள் நெருங்கி விழும்.

அமெரிக்கச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் வேண்டும். ஆனாலும் இது முழுச் சுயசார்பு இல்லை. குண்டை ஈயம் உருக்கி வார்க்கலாம், கூட்டைப் பொறுக்கலாம். பிரைமர் மட்டும் தொழிற்சாலையில் இருந்துதான் வரவேண்டும். தொட்டால் வெடிக்கும் அந்த ரசாயனத்தை வீட்டில் கலப்பது தற்கொலைக்குச் சமம். 2020, 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கும் கூட்டம் திடீரென்று கூடியபோது கடைகளில் பிரைமர் காணாமல் போனது. விலை எகிறியது. கூடு, குண்டு, மருந்து எல்லாம் அலமாரி நிறைய வைத்திருந்தவர்களும், பட்டாணி அளவு கிண்ணம் கிடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாக்ஸர் அடைகல்லைக் கூட்டில் இருந்து எடுத்துப் பிரைமருக்குள் வைத்ததன் மறுபக்கம் இது என்றும் சொல்லலாம். கூட்டை நம் கைக்குக் கொடுத்தார், சிக்கலான பாகத்தைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டார்.

கிளம்பும்போது நண்பர் அந்த இரண்டு காலிக் கூடுகளையும் ஞாபகார்த்தமாகக் கொடுத்தார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊர் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்பதன் விளக்கத்துக்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும்கூட வரும். உரிமம் இல்லாமல் தயாரிக்க முடியாது. பெட்டியில் ஒரு தோட்டாவை மறந்து வைத்துவிட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளும் அடிக்கடி வருகின்றன. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன படங்கள் அவைதான். ஒன்றில் ஒரு துளை, இன்னொன்றில் இரண்டு.